கை கழுவுவதற்கும் மார்க் உண்டு

சி.என்.ஏ. என்று சொல்லப்படும் செவிலி உதவியாளர் தேர்வின் செய்முறைப் பகுதி பெரும்பாலும் குழாயடியில்தான் தொடங்கும். கையையும் மணிக்கட்டையும் நனைத்து, சோப்புப் போட்டு, குறைந்தது 20 நொடி தேய்க்க வேண்டும். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எதுவும் விடுபடக்கூடாது. விரல் நுனி எந்நேரமும் முழங்கையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். கை நிமிர்ந்தால் அழுக்குத் தண்ணீர் மேலே ஓடி, மறுபடி விரலுக்கே இறங்கி வரும். புதிய காகிதத் துண்டால் விரலிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாகத் துடைக்க வேண்டும். பிறகு இன்னொரு உலர்ந்த துண்டால் குழாயை மூட வேண்டும். கழுவிய கையால் குழாயைத் தொட்டாலோ, தொட்டியின் உட்புறத்தில் விரல் பட்டாலோ அவ்வளவுதான்.

இந்தப் படிகளை ஒரு தாளில் எழுதச் சொன்னால் நம் ஊர்ப் பட்டதாரிகள் பத்துக்குப் பத்து வாங்கிவிடுவார்கள். செய்துகாட்டச் சொன்னால்தான் சிக்கல். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிகளில், மருத்துவ உதவி, சைகை மொழி, சமூக அறிவியல் ஆகிய மூன்று துறைகளையும் ஒன்றாக வைத்து எழுதுவதற்கு அதுவே காரணம். மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள் வழுக்கி விழும் இடங்கள் இவை மூன்றும். ஒன்றில் கை பேச வேண்டும், இன்னொன்றில் முகம் பேச வேண்டும், மூன்றாவதில் உங்கள் சொந்த வாக்கியம் பேச வேண்டும். மூன்றுமே மலிவு, மூன்றும் ஒன்றோடொன்று சேரும். ஆனால் எந்த வரிசையில் எடுப்பது என்று தெரியாமல் போனால் இரண்டு வருடம் வீணாகும். இங்கே சொல்வது எல்லாம் கலிஃபோர்னியாவை வைத்து. மற்ற மாநிலங்களில் மணி நேரங்களும் கட்டணமும் மாறும்.

முதலில் சி.என்.ஏ. 1987-ல் வந்த அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்க்கும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். கலிஃபோர்னியா அதோடு நிற்கவில்லை. 60 மணி நேரம் வகுப்பு, 100 மணி நேரம் நோயாளிகளோடு, ஆக 160. இந்த மணிகள் சட்டம் கேட்பவை. ஒருநாள் வராவிட்டால் நோட்ஸ் வாங்கிச் சமாளிக்க முடியாது, அந்த மணியை ஈடுகட்டியே ஆக வேண்டும். குழந்தைக்கு ஜுரம், ஊரிலிருந்து மாமியார் வருகிறார், விமான நிலையம் போக வேண்டும் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. பள்ளி விடுமுறைக் காலத்தில் இதை எடுக்க நினைப்பவர்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே முடிவுசெய்துவிடுவது நல்லது.

தேர்வில் தவறுவது எங்கே என்று பார்த்தால் பெரிய விஷயங்களில் இருக்காது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒருவரை மாற்றும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி அவருடைய பலமான பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும், கால்வைக்கும் தகடுகள் மடங்கியிருக்க வேண்டும். கட்டில் தாழ்ந்திருக்க வேண்டும், அவர் வழுக்காத செருப்பு அணிந்திருக்க வேண்டும். இடுப்புப் பட்டையை உடைக்கு மேலே, இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்ட வேண்டும். பிறகு ‘மூன்று எண்ணியதும் எழுகிறோம்’ என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தூக்க வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்துவிட்டுப் பிரேக்கை மறப்பவர்கள் உண்டு. அந்த ஒன்று போதும், மொத்தமும் போய்விடும். நிஜத்தில் நாற்காலி பின்னால் உருண்டு இடுப்பெலும்பு முறிவது அந்த இடத்தில்தான்.

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது பலமான கை முதலில் வெளிவர வேண்டும். காரணத்தைப் புரிந்துகொண்டால் மறக்காது. வளையாத கைக்குத் துணியில் அதிகத் தளர்ச்சி வேண்டும். நாடி பார்க்கக் கட்டைவிரலை வைக்கக் கூடாது, கட்டைவிரலில் உங்கள் நாடியே துடிக்கும். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். தேர்வாளர் எண்ணியதற்கும் உங்கள் எண்ணிக்கைக்கும் 4 துடிப்புக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செல்லாது. மூச்சை எண்ணப் போவதாக அவரிடம் சொல்லக் கூடாது, சொன்னதும் மூச்சு மாறிவிடும். சிறுநீர் அளவுக் குவளையைச் சமதளத்தில் வைத்து, குனிந்து கண் மட்டத்தில் படிக்க வேண்டும். கையில் தூக்கிப் பார்த்தால் அளவு பிசகும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அழைப்பு மணி அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். திரைச்சீலையை இழுப்பதும், பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும்கூட மார்க்குக்குரியவையே. நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இங்கே கொஞ்சம் இடைஞ்சல் என்றே சொல்வேன். நாம் கேட்காமலேயே செய்து பழகியவர்கள். இங்கே கேட்டுவிட்டுச் செய்வதுதான் பாடம்.

ரத்தம் எடுக்கும் ஃப்ளெபாட்டமி இன்னும் குறுகிய வழி. கலிஃபோர்னியாவில் இதற்கு உரிமம் கட்டாயம். 40 மணி வகுப்பு, 40 மணி செய்முறை, அதில் குறைந்தது 50 முறை சிரையிலிருந்தும் 10 முறை விரல் நுனியிலிருந்தும் ரத்தம் எடுத்திருக்க வேண்டும். ஊசி குத்துவது போகப் போகப் பழகிவிடும். குழாய்களின் வரிசையில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். வெளிர்நீல மூடி முதலில், பிறகு சிவப்பு அல்லது தங்க நிறம், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கிறது. அதை முதலில் நிரப்பி, அதன் துளி அடுத்த குழாய்க்குப் போனால், நோயாளியின் பொட்டாசியம் கூடியதாகவும் கால்சியம் குறைந்ததாகவும் பொய்யான முடிவு வரும். வெளிர்நீலக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (இதுவும் உறையாமல் தடுப்பது) என்பது கணக்கு. பாதி நிரப்பினால் ரத்தம் உறையும் நேரம் தப்பாகக் காட்டும். குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டியது நோயாளியின் பக்கத்திலேயே, அவர் இருக்கும்போதே.

நர்ஸிங் போக நினைப்பவருக்கு உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றும் ஆய்வகத்தோடு வேண்டும். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள்; 5 யூனிட் உடற்கூறியல் என்றால் வாரத்துக்கு 3 மணி விரிவுரை, 6 மணி ஆய்வகம். மேசை மேசையாக எலும்பும் உறுப்பும் வைத்து, ஊசி குத்திய இடத்தின் பெயரைச் சட்டென்று எழுதச் சொல்வார்கள். படப்புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் கிடக்கும் உடலில் மூன்றும் ஏறக்குறைய ஒரே வெளிறிய நிறம். புத்தகப் படத்தை வைத்து மட்டும் படித்தவர் அங்கே திகைத்து நிற்பார். தொட்டுப் பார்த்துத்தான் பழக வேண்டும்: தமனிச் சுவர் தடிப்பு, சிரை தொளதொள, நரம்பு உள்ளே துளையில்லாத கயிறு. காறையெலும்பைக் கையில் கொடுத்து இடதா வலதா என்று கேட்பார்கள். திறந்த ஆய்வக நேரம் இருந்தால் அதைவிட நல்ல டியூஷன் கிடையாது.

இந்த அறிவியல் பாடங்களைப் பாதியில் விடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல கல்லூரிகள் நர்ஸிங் சேர்க்கைக்குப் பயன்படுத்தும் சூத்திரத்தில் ஒட்டுமொத்த சராசரி, ஆங்கிலச் சராசரி, உயிரியல் பாடங்களின் சராசரி ஆகியவற்றோடு, உயிரியல் பாடங்களை எத்தனை முறை திரும்ப எடுத்தீர்கள் என்பதும் ஒரு காரணி. பி வந்துவிடுமோ என்று பயந்து விலகி, ஏ வாங்க மறுபடி எடுப்பது பல நேரம் நஷ்டத்தில் முடியும்.

அடுத்தது சைகை மொழி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை ஒரு பொழுதுபோக்குப் பாடம் என்று நினைத்துச் சேருபவர்கள் அதிகம். ஏ.எஸ்.எல்., அதாவது அமெரிக்கச் சைகை மொழி, ஆங்கிலத்தைக் கையால் எழுதிக்காட்டுவது கிடையாது. அது தனி இலக்கணம் உள்ள தனி மொழி. 1817-ல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட்டும் பிரான்சிலிருந்து வந்த லோரான் கிளெர்க்கும் பள்ளி தொடங்கியதால், அதன் வேரில் பிரெஞ்சுச் சைகை மொழி இருக்கிறது. பிரிட்டிஷ் சைகை மொழியோடு உறவு இல்லை. இங்கே ஒரு கையால் எழுத்துக் கூட்டுவார்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இரண்டு கை. ஆகவே ஏ.எஸ்.எல். கற்றுக்கொண்டு சென்னையில் காது கேளாத உறவினரோடு பேசிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

இது மொழிதான் என்பதை 1960-ல் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆய்வாளர் நிறுவினார். ஒரு சைகையைக் கை வடிவம், இடம், அசைவு என்று பிரிக்கலாம் என்று காட்டினார். பின்னால் வந்தவர்கள் உள்ளங்கை பார்க்கும் திசையையும் முகக்குறியையும் சேர்த்தார்கள். ஐந்தில் ஒன்று மாறினால் சொல்லே மாறும். ஐந்து விரலையும் விரித்துக் கட்டைவிரல் நுனி நெற்றியில் பட்டால் அப்பா. அதே கை தாடையில் பட்டால் அம்மா. நெஞ்சில் பட்டால் ‘நலம்’. தமிழில் பல்லி, பள்ளி மாதிரிதான்.

வகுப்பில் பெரும்பாலும் குரலுக்குத் தடை. ஆசிரியரே காது கேளாதவராக இருப்பது வழக்கம். முதல் வாரத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, குனிந்து நோட்டில் எழுதுவது. கண்ணை எடுத்தால் வாக்கியம் போய்விட்டது. அதோடு, ஒருவர் சைகையில் பேசும்போது பார்வையை விலக்குவது நம் ஊரில் பேச்சின் நடுவே காதைப் பொத்துவதற்குச் சமம். இன்னொன்று, ஆளைப் பார்த்து விரல் நீட்டுவது. ‘விரல் நீட்டிப் பேசாதே’ என்று அடி வாங்கி வளர்ந்த கை அவ்வளவு சீக்கிரம் நீளாது. ஏ.எஸ்.எல்.-இல் நீ, அவர், அவர்கள் எல்லாம் சுட்டுவிரல்தான். அறையில் இல்லாத ஒருவரைக் காற்றில் ஓர் இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, பிறகு அந்த இடத்தைச் சுட்டினாலே அவர்தான். கூப்பிடத் தோளைத் தட்டலாம், விளக்கை அணைத்துப் போடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

கடினமானது முகம். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். யார், என்ன, எங்கே என்று கேட்டால் புருவம் சுருங்க வேண்டும். புருவம் அசையாவிட்டால் நீங்கள் கேள்வியே கேட்கவில்லை. கையைப் பிழையில்லாமல் அசைத்து, முகத்தைப் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வைத்திருந்தால் சி கிரேடுதான். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் மறுப்பு. நாம் ‘சரி சரி’ என்று ஆட்டும் ஆட்டத்தை ஆசிரியர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காணொளிப் பதிவில் உங்களையே பார்த்தால்தான் இது பிடிபடும். வாரம் இரண்டு முறை, இரண்டு நிமிடம் பதிவு செய்து பார்ப்பது ஒரு மணி நேரப் படிப்பைவிட மேல்.

நமக்கு ஒரு சாதகமும் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஏ.எஸ்.எல்.-இல் ‘உன் பெயர் என்ன’ என்பதை அதே வரிசையில்தான் கேட்பார்கள்: உன், பெயர், என்ன. நடுவே ‘இஸ்’ கிடையாது, கேள்விச் சொல் கடைசியில். பேசுபொருளை முதலில் வைத்துப் பிறகு அதைப் பற்றிச் சொல்லும் பழக்கமும் நம்முடையதே: ‘அந்தப் படமா, பிடிக்கல.’ ஆங்கிலத்தில் யோசித்துச் சைகையாக்குபவர்கள் இந்த வரிசைக்கு மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். தமிழில் யோசியுங்கள், பாதி வேலை முடிந்தது.

கலிஃபோர்னியாவில் இதைக் கற்கச் சிறந்த ஊர்களில் ஒன்று தமிழர்கள் நிறைய வாழும் ஃப்ரீமாண்ட். காது கேளாதோருக்கான மாநிலப் பள்ளி 1980-ல் பெர்க்லியிலிருந்து அங்கே இடம்பெயர்ந்தது. அதே ஊரின் ஓலோனி கல்லூரியில் காது கேளாதோர் கல்விக்கும் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கும் தனித் துறையே இருக்கிறது. பாடத்தின் பகுதியாகக் காது கேளாதோர் கூடும் நிகழ்ச்சிக்குப் போய்வரச் சொல்வார்கள். அங்கே கூட்டமாக மூலையில் நின்று தமிழில் பேசிவிட்டு வந்தால் மார்க் கிடைத்தாலும் மொழி கிடைக்காது.

மொழிபெயர்ப்பாளராகும் ஆசை இருந்தால் கணக்கு நீளும். நான்கு செமஸ்டர் மொழி, அதற்குமேல் பயிற்சித் திட்டம். தேசியச் சான்றிதழ் தரும் ஆர்.ஐ.டி. அமைப்பு 2012 முதல் காது கேட்கும் விண்ணப்பதாரர்களிடம் இளநிலைப் பட்டத்துக்கு நிகரான தகுதி கேட்கிறது. நம்மில் பலர் ஏற்கெனவே ஒரு பட்டத்தோடு வந்தவர்கள், அதை மதிப்பீடு செய்துவைத்தால் இங்கே உதவும். இரண்டு செமஸ்டர் படித்த சி.என்.ஏ. ஒருவர் தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, கழிப்பறை போக வேண்டுமா என்று கேட்கலாம், அது நோயாளிக்குப் பெரிய ஆறுதல். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவதும், நோய் இன்னதென்று சொல்வதும், மருந்தின் அளவை விளக்குவதும் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி மருத்துவமனை தன் செலவில் அதற்கு வழிசெய்ய வேண்டும். நோயாளியின் குழந்தையை வைத்துச் சமாளிக்கக் கூடாது. ‘எழுதிக் காட்டினால் போதாதா’ என்பார்கள். ஏ.எஸ்.எல். தாய்மொழியான பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி.

சமூக அறிவியல் பாடங்களை நம்மவர்கள் ‘கட்டாயத்துக்கு எடுப்பது’ என்று கடைசியில் தள்ளிவைக்கிறார்கள். நான் முதல் செமஸ்டரிலேயே எடுக்கச் சொல்வேன். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சில பாடங்களுக்கு மாநிலம் முழுக்கப் பொது எண் வந்துவிட்டது. உளவியல் அறிமுகம் என்றால் சைக் சி1000, புள்ளியியல் என்றால் ஸ்டாட் சி1000. எந்தக் கல்லூரியில் எடுத்தாலும் அதே எண், அதனால் ஊர் மாறினாலும் குழப்பம் குறைவு. புள்ளியியலை நர்ஸிங்கும் கேட்கும், உளவியலும் கேட்கும்.

இங்கே வழுக்குவது எழுத்தில். பாடப்புத்தக வரிகளை அப்படியே தருவது நம் ஊரில் நல்ல விடை, இங்கே திருட்டு. மேற்கோள் குறி இல்லாமல், ஆசிரியர் பெயரும் ஆண்டும் இல்லாமல், நான்கு சொல்லை மாற்றிப்போட்டாலும் அதே குற்றம்தான். பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, தமிழில் ஒருவருக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் வாக்கியம் உங்களுடையதாக வரும். அப்போதும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும்.

இந்தப் பாடங்கள் கட்டிலருகே எதற்கு உதவும் என்று கேட்டால் டஸ்கிகீயைச் சொல்லலாம். அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களை ஆய்வில் வைத்திருந்தது. 399 பேருக்கு சிஃபிலிஸ். 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் அவர்களுக்குத் தரவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயதான கறுப்பின நோயாளி ஒருவர் ‘எதற்கு இன்னொரு குழாய் ரத்தம்?’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எரிச்சல்பட மாட்டார். காது கேளாதோர் வரலாற்றிலும் இப்படி ஒன்று உண்டு. 1880-ல் மிலானில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை ஒதுக்கிப் பேச்சுப் பயிற்சியே மேல் என்று தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாட்டுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கை கட்டப்பட்டது. 2010-ல் வான்கூவரில்தான் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டார்கள்.

இனி காசு. கலிஃபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். 3 யூனிட் உளவியல் 138, 4 யூனிட் சைகை மொழி 184, 5 யூனிட் உடற்கூறியல் 230. புத்தகமும் சின்னச் சின்னக் கட்டணங்களும் தனி. வெளியாள் என்று வகைப்படுத்தப்பட்டால் இது பல மடங்காகும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்கள், செமஸ்டர் தொடங்குமுன் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வசித்து, ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல் போன்றவற்றால் அதைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். படிப்பதற்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய அவசியமில்லை; மாறினால் 12 யூனிட் கட்டாயமாகும். படித்தபின் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி தனிக் கதை, அதைப் படிப்புக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

பதிவில் ஒரு நுணுக்கம். அறிமுக வகுப்பையும் ஆலோசகர் சந்திப்பையும் முடித்துக் கல்வித் திட்டத்தைப் பதிந்தால் பதிவுத் தேதி முன்னே வரும். உடற்கூறியல் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் முதல் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். வராதவர்களை ஆசிரியர் அன்றே நீக்கிவிடுவதும், அந்த இடத்துக்கு அனுமதி எண் கொடுப்பதும் சகஜம்.

நோயாளிகளை நெருங்கும் எந்தப் பாடத்துக்கும் மருத்துவக் காகிதங்கள் கேட்பார்கள், இந்தியாவில் பிறந்தவருக்கு இங்கேதான் நேரம் போகிறது. இடது தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருந்தால் தோலில் போடும் காசநோய்ச் சோதனை வீங்கிக் காட்டலாம். பிறகு எக்ஸ்-ரே, கடிதம், அலைச்சல். குவாண்டிஃபெரான் போன்ற ரத்தச் சோதனை பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாது, கல்லூரி அதை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். அம்மைத் தடுப்பூசிச் சீட்டு ஊரில் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ தெரியாது. டைட்டர் என்னும் ரத்தச் சோதனையில் எதிர்ப்புச் சக்தி தெரிந்தால் சீட்டு தேவையில்லை. நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பொன்னுக்கு வீங்கிக்கு ஊசி இல்லாததால், அந்த ஒன்று மட்டும் குறையக்கூடும். அப்போது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை, 28 நாள் இடைவெளியில். எம்.எம்.ஆர். போட்டுவிட்டுக் காசநோய்ச் சோதனைக்குப் போனால் முடிவு பிசகலாம்; அன்றே செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான்கு வாரம் பொறுங்கள். ஹெபடைட்டிஸ் பி வழக்கமான ஊசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணையில் முடியும் ஊசியும் இருக்கிறது, எதைப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனில் சி.என்.ஏ. வகுப்பு என்றால் முதல் ஊசி டிசம்பரில்.